ஒரு சாக்கெட், இரண்டு சிப்

எதிர்வீட்டு மேஸ்திரி தாம்பாளத்தில் வைத்து மகளின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். "குடும்பத்தோட வந்துடணும் சார்." பிரித்தேன். முழுக்கக் கன்னட எழுத்து. எனக்கு அப்போது கன்னடம் படிக்க வராது. நான் விழிப்பதைப் பார்த்து அவருடைய இளைய மகள் பத்திரிகையை வாங்கி உரக்க வாசித்தாள். 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி 'சுற்றமும் நட்பும் சூழ' என்பது வரை அத்தனையும் தமிழ். தமிழைக் கன்னட எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். "எங்க ஆளுங்க யாருக்கும் தமிழ் ஓத பராது சார். பேசறதோட சரி" என்றாள், படிக்க வராது என்று. மதுரையில் ஒரு மாலை நாளிதழில் பல வருடம் பிழை திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு தமிழ்ப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாமல் அந்த அக்ரஹாரத் தெருவில் நின்றேன்.

மைசூரில் இருப்பதையெல்லாம் வெளியூர் வாழ்க்கை என்று எழுதுகிறாயே, பஸ் ஏறினால் வந்துவிடலாமே என்று ஊர் நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வந்துவிடலாம்தான். என் மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது, அங்கே நான் இருந்த பத்திரிகை மூடப்பட்டது. இரண்டும் ஒரே வருடத்தில் நடந்ததால் வந்தோம். எனக்கு வேலை கொடுத்தவர் சேஷாத்ரி. தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரையின் கீழ் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டு செய்கிறவர். முன்னோர் மேல்கோட்டை ஐயங்கார்கள். முதல் நாளே என்னிடம் தமிழில் பேசினார். "நம்மாத்துல தமிழ்தான் பேசறது. ஓதத்தான் வராது. அதுக்குத்தான் நீங்க" என்றார்.

அவருடைய திட்டம் எளிமையானது. அரசு அலுவலகங்களுக்குக் கன்னடக் கீபோர்டு விற்றுக்கொண்டிருந்தார். குண்டலுபேட்டையைத் தாண்டினால் தமிழ்நாடு, அங்கேயும் விற்கலாம். ஒரே கீபோர்டின் பின்பக்கம் ஒரு சுவிட்ச், இந்தப் பக்கம் தள்ளினால் கன்னடம், அந்தப் பக்கம் தள்ளினால் தமிழ். ஒவ்வொரு விசையின் மேலும் இடது மூலையில் தமிழ் எழுத்து, வலது மூலையில் கன்னடம். எந்த விசையை அமுக்கினால் எந்த எழுத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஒரு சிப். அதற்கு நிரல் எழுதியவன் மஞ்சுநாத், மண்டியாப் பக்கத்து இன்ஜினீயர். தமிழ் எழுத்துகளை டைப்ரைட்டர் வரிசைப்படி அட்டவணை போட்டுக் கொடுப்பதும், செய்ததைச் சோதிப்பதும் என் வேலை. முதல் கீபோர்டை வாங்கியது ஒரு தேவாலய அச்சகம். அங்கே மாதப் பத்திரிகை வருகிறது, பாதி தமிழ், பாதி கன்னடம்.

அங்கே டைப் செய்கிறவள் ரெஜினா. திண்டுக்கல்லில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் கிரேடு பாஸ் செய்துவிட்டு, கல்யாணமாகி மைசூர் வந்தவள். புதிதாகச் சேர்ந்திருந்ததால் வேலை இன்னும் உறுதியாகவில்லை. கீபோர்டு போன முதல் வாரமே அச்சகப் பொறுப்பாளரிடமிருந்து போன் வந்தது. தமிழ்ப் பக்கங்களில் புள்ளிகள் இடம் மாறி, அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்காருகின்றன. கிறிஸ்துமஸ் மலருக்குள் சரியாகவில்லை என்றால் தமிழ்ப் பக்கங்களைப் பெங்களூருக்கு அனுப்பி கம்போஸ் செய்துகொள்வோம், அந்தப் பெண்ணையும் நிறுத்திவிடுவோம் என்றார்.

மஞ்சுநாத் இன்னொரு கீபோர்டை எடுத்து, ஆள்காட்டி விரலால் புள்ளியை ஒருமுறை, எழுத்தை ஒருமுறை என்று தட்டினான். திரையில் புள்ளி சரியாக விழுந்தது. "நோடி சார். நம் கைலி சரியாகே பருத்தே" என்றான். நம் கையில் சரியாகத்தானே வருகிறது என்கிறான். "அவங்களுக்கு டைப்பிங் பராது." நான் அவளுடைய சான்றிதழைப் பற்றிச் சொன்னேன். "நோடோணா" என்றான், பார்க்கலாம் என்று. அந்தச் சொல்லை நம்பி நான் சில நாள் காத்திருந்தேன். மதுரை ஆபீசில் ஒரு பிழை வந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. கம்போசிட்டரா, பிழை திருத்துபவனா, உதவி ஆசிரியரா என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்துவார்கள், பிழை அந்தி சாய்வதற்குள் ஓர் ஆளின் தலையில் இறங்கிவிடும். இங்கே யாரும் கத்துவதில்லை. காபி கொடுத்து, 'நோடோணா' என்று மரியாதையாகப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். பிழை யாருடையதும் ஆகாமல் மேஜைமேலேயே கிடக்கும். எனக்குக் கத்தத் தெரியும், ஆனால் கன்னடத்தில் கத்தத் தெரியாது.

அச்சகத்துக்கே போனேன். அவள் அடித்த பக்கங்களைப் பழைய வழக்கப்படி சிவப்பு மையோடு படித்தேன். எல்லாப் புள்ளியும் இடம் மாறவில்லை. சில எழுத்துகளோடு மட்டும் மாறுகிறது, சிலவற்றோடு ஒருபோதும் மாறவில்லை. கைத்தவறு இத்தனை ஒழுங்காக இருக்காது. ரெஜினா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"திருத்தி முடிச்சிட்டீங்களா சார்? மார்க்கு எவ்வளவு?"

"உங்க தப்பு இல்லன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்க! அங்க உள்ள உட்கார்ந்திருக்கிறவரு வேற மாதிரி நினைக்கிறாரே. இந்த கீபோர்டுக்கு ஞானஸ்நானம் குடுத்துப் பாக்கட்டுமா?"

மறுநாள் அவளைத் தொழிற்கூடத்துக்கு வரச் சொன்னேன். மஞ்சுநாத் பின்னால் நின்றான். அவள் திரையைப் பார்க்காமல், பக்கத்தில் வைத்த தாளை மட்டும் பார்த்து அடித்தாள். திரையில் புள்ளிகள் தாவின. "தெவ்வா!" என்றான் மஞ்சுநாத், பேய் என்று. நான் கண்ணை மூடிக் கேட்டேன். டைப்ரைட்டர்கள் நடுவே பல வருடம் இருந்த காது இது. மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. புள்ளி மட்டும் கேட்கவில்லை. அது அடுத்த எழுத்தோடு சேர்ந்து ஒரே சத்தமாக விழுந்தது.

"புள்ளியையும் எழுத்தையும் சேர்த்து அடிக்கிறீங்களா?"

"வேற எப்படி அடிக்கிறது? புள்ளிக்கு வண்டி நகராதில்ல சார். நகராததுக்கு எதுக்கு நிக்கணும்? இன்ஸ்டிட்யூட்ல நின்னா மாஸ்டர் ஸ்கேலால போடுவாரு."

தமிழ் டைப்ரைட்டரில் புள்ளியைத்தான் முதலில் அடிக்க வேண்டும். அதற்குக் காகிதம் சுற்றிய உருளை நகராது, அடுத்து வரும் எழுத்து அதன் கீழேயே விழும். ஆகவே தமிழ்நாட்டு இன்ஸ்டிட்யூட்டுகளில் தேறிய விரல்கள் புள்ளியையும் எழுத்தையும் ஏறக்குறைய ஒரே வீச்சில் அடிக்கும். எங்கள் சிப்போ விசைகளை மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு ஓயாமல் சுற்றிப் பார்க்கிறது. ஒரே சுற்றில் இரண்டு விசை அமுங்கியிருந்தால் எது முதலில் அமுங்கியது என்று அதற்குத் தெரியாது, மேல் வரிசையில் இருப்பதை முதலில் அனுப்பிவிடும். புள்ளி இருப்பது நடு வரிசை. மேல் வரிசை எழுத்து எதனோடு வந்தாலும் புள்ளி பிந்திவிடும். ஆள்காட்டி விரலால் சோதித்தவர்களுக்கு இது ஒரு ஜென்மத்திலும் அகப்பட்டிருக்காது. விரலால் சோதித்தவர்களில் நானும் ஒருவன். பிழை திருத்துகிறவன் டைப் அடிப்பதில்லை.

மஞ்சுநாத் நல்லவன். புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "சாரி மேடம்" என்று ரெஜினாவிடம் நேராகவே சொன்னான். இரண்டு விசை சேர்ந்து வந்தால் புள்ளியை முதலில் அனுப்பு என்று நிரலில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். அந்த 'அவ்வளவுதான்' எங்கள் உயிரை வாங்கியது. சிப்பில் எழுதியதை மாற்ற வேண்டுமானால் அதை ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே இருப்பது அழியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு எழுத வேண்டும், சாக்கெட்டில் பொருத்த வேண்டும், ரெஜினாவைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை புள்ளி சரியாகி, ஷிஃப்ட் விசை செத்தது. ஒருமுறை எல்லாம் சரியாக வந்து, நாங்கள் டீ சொல்லிவிட்டு வருவதற்குள் கரண்ட் போய், திரும்பி வந்தபோது கீபோர்டு உயிர்க்கவே இல்லை. கடைசியில் நிரல் சரியாக அமைந்தது, ஆனால் அது முழுவதையும் எழுதச் சிப்பில் இடம் போதவில்லை. மஞ்சுநாத் அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி என்று கத்தரித்துப் பார்த்தான். இனிக் கத்தரிக்க இரண்டே பொருள்தான் மிச்சம், தமிழ் அட்டவணை அல்லது கன்னட அட்டவணை.

சேஷாத்ரியிடம் போனோம். அவர் யோசிக்கக்கூட இல்லை. "தமிழை எடுத்துடுங்கோ. அந்தப் பொண்ணை மெதுவா அடிக்கச் சொன்னா கேக்கமாட்டேன்றாளே, நான் என்ன பண்றது?"

"மெதுவா அடிச்சா மலர் கிறிஸ்துமஸுக்கு வராது சார். ஈஸ்டருக்குத்தான் வரும். நீங்களே வீட்டுல தமிழ்தானே பேசுறீங்க?"

"பேசறது வேற, விக்கறது வேற. கன்னடம்தானே நமக்குச் சோறு போடறது? உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அது உண்மை. முதல் நாள் அவருடைய தமிழைக் கேட்டு நான் ஏதோ உறுதிமொழி பெற்றதுபோல மகிழ்ந்திருந்தேன். அவர் எதையும் உறுதி சொல்லியிருக்கவில்லை, எனக்குப் புரிகிற மொழியில் பேசினார், அவ்வளவே. இரண்டாவது கீபோர்டு ஒன்றை அச்சகத்துக்குக் கொடுங்கள் என்றேன். இலவசமாகத் தரமாட்டேன் என்றார். அச்சகமோ இரண்டு மொழி என்று சொல்லி விற்றதற்கு மேல் ஒரு பைசா தரமாட்டோம் என்றது. மஞ்சுநாத்தான் நடுவில் புகுந்தான். "ஒந்து சிப் கொடி சார், சாக்கு." ஒரு சிப் கொடுங்கள், போதும் என்றான். கன்னடம் ஒரு சிப்பில், தமிழ் ஒரு சிப்பில். வேண்டியதை மாட்டிக்கொள்ளட்டும். சேஷாத்ரி அரை மனதோடு ஒத்துக்கொண்டார். "ஒண்ணு போச்சுன்னா வேற கிடையாது, ஆமாம்."

மலர் நேரத்துக்கு வந்தது. ரெஜினாவை நிறுத்தவில்லை, விசைமேல் இருக்கும் எழுத்தைப் பார்த்து அடித்தால் போதும் என்று கன்னடப் பக்கங்களையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். காலையில் தமிழ், மத்தியானத்துக்கு மேல் கன்னடம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் கீபோர்டைக் கவிழ்த்து மூடியைத் திறப்பாள், சின்ன ஸ்குரூ டிரைவரால் சிப்பை இருபுறமும் நெம்பி எடுப்பாள், மற்றதை மாட்டுவாள். வேலையில் இல்லாத சிப் ஒரு துண்டுத் தெர்மோகோலில் காலூன்றி மேஜை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். பின்பக்கச் சுவிட்ச் இப்போது எதையும் மாற்றுவதில்லை. இருந்தாலும் பழக்கத்தில் தள்ளிவிடுகிறாள்.

போன வாரம் அவர்களுடைய தமிழ்ப் பக்கங்களுக்குப் பிழை பார்க்க அச்சகத்துக்குப் போயிருந்தேன். தமிழ்ச் சிப்பை நெம்பி எடுத்து என்னிடம் காட்டினாள். ஓரக் கால் ஒன்று மடங்கியிருந்தது, மடங்கிய இடத்தில் உலோகம் வெளுத்திருந்தது.

"இது போயிடுமா சார்?"

"இன்னும் கொஞ்ச நாள் வரும்."

"அதுவும் அப்படித்தான் இருக்கு" என்று கன்னடச் சிப்பையும் திருப்பிக் காட்டினாள். ஆமாம், அதிலும் ஒரு கால். இரண்டையும் ஒரே அளவுக்குத்தானே பிடுங்குகிறோம். தமிழ்ச் சிப்பின் காலை நகத்தால் மெல்ல நிமிர்த்தித் தெர்மோகோலில் செருகினேன். அவள் மற்றதைச் சாக்கெட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, கீபோர்டைத் திருப்பிப் போட்டாள். விசைகளின் மேல் இரண்டு எழுத்தும் அப்படியே இருந்தன.