பல் டொக்டரின் கணவரை நான் சாகடித்த ஞாயிறு

எங்கள் ஃபிளாட்டில் ஹிந்திப் படங்களுக்கு நான்தான் வாய். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடி வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கோப்பைகள் கழுவியானதும் படம் தொடங்கும். பார்க்க வருகிறவர்கள் மூன்று பேர். என் அம்மா, மேல்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர், எதிர்வீட்டு ராத்தா. ராத்தா கொம்பனித்தெருவில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். மூத்த சகோதரியை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள், நானும் அப்படியே பழகிவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் ஒரு சிங்களப் பிள்ளை பென் டிரைவில் படங்கள் தருவாள். படத்தின் அடியில் சிங்களத்தில் வசனம் ஓடும். அம்மாவும் ரீச்சரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சந்தையில் சிங்களம் கதைத்துச் சமாளிப்பார்கள், வாசிக்க வராது. நான் படித்து வளர்ந்தது கொழும்பில். ஆகவே டிவிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வசனம் வசனமாகத் தமிழில் சொல்லுவேன். ஒரு வரி பிந்தினாலும் ரீச்சர் "என்ன சொல்லுறான், என்ன சொல்லுறான்?" என்று வகுப்பறைக் குரலில் அதட்டுவார்.

அந்த ஞாயிறு நான் போட்ட படம் சும்மா எடுத்த படம் இல்லை. இரண்டு தரம் தனியே பார்த்துத் தெரிந்தெடுத்தது. கதாநாயகி நாற்பத்தைந்து வயதுப் பல் டொக்டர். விவாகரத்தானவள். கதாநாயகன் ஊசிக்குப் பயந்த ஒரு மெலிந்த மனிதன். அவன் வாயைத் திறந்தபடி கதிரையில் கிடக்க, அவள்தான் மூச்சுவிடாமல் கதைப்பாள். பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத்தான் அவனிடம் தன் விருப்பத்தையும் சொல்லுவாள். வில்லன் இல்லை, மழையில் ஆட்டம் இல்லை. நான் வயிறு நோகச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

ஏனென்றால் எனக்கு நாற்பத்து மூன்று வயது. விவாகரத்தாகி ஒன்பது வருடம். ஃபிளாட்டில் அது யாருக்கும் தெரியாது. இங்கே குடிவந்த அன்று, படிக்கட்டில் ரீச்சர் "மாப்பிள்ளை எங்கை?" என்று கேட்க, அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டாமல் "கனடாவிலை, பேப்பர் அலுவல் நடக்குது" என்று சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில் இதைவிடச் சுகமான பொய் கிடையாது. ஒவ்வொரு மாடியிலும் யாராவது ஒருத்தி வெளிநாட்டு விசாப் பேப்பருக்காகக் காத்திருப்பாள். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். அந்த மனிதர் கனடாவில் இருப்பது உண்மைதான். வேறு மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருக்கிறார்.

இப்போது நான் இன்னொருவரைக் கட்டப்போகிறேன். கொட்டாஞ்சேனைக்காரர், ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யார்ட் ஒன்றில் மேற்பார்வையாளர். அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். கோயிலில் வைத்துச் சந்தித்துவிட்டு வரும் வழியில் "நல்ல மனிசன், நிதானமாய்க் கதைக்கிறார்" என்று அம்மாவே சொன்னார். கலியாணப் பதிவுக்கு இன்னும் மூன்று வாரம். இரண்டு சாட்சிகளில் ஒருவராக அம்மா கையெழுத்துப் போடவேண்டும் என்பது மட்டும்தான் நான் கேட்டது.

"நான் வரேல்லை," என்றார் அம்மா. "கனடா மாப்பிள்ளை என்ன ஆனார் எண்டு ரீச்சர் கேட்டால் என்ன முழியை முழிக்கிறது? நீ போய்க் கலியாணத்தை எழுதிக்கொண்டு வா. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "நீங்கள் வந்து கையெழுத்து வைக்காமல் நான் எழுதமாட்டன். களவாய்ப் போய் எழுத நான் என்ன பதினெட்டு வயசுப் பெட்டையே?" என்று கத்தினேன். இரண்டு நாள் இருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் இந்தப் படத்தின் நினைவு வந்தது. ரீச்சரும் ராத்தாவும் அந்தப் பல் டொக்டரைப் பற்றி என்ன சொல்லுகிறார்கள் என்று அம்மா தன் காதாலேயே கேட்கட்டும் என்று நினைத்தேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். பல் டொக்டரின் வீட்டுச் சுவரில் அவளுடைய பழைய கலியாணப் படம் தொங்கியது.

"உவளின்ரை புருசன் எங்கை?" என்றார் ரீச்சர். அன்றைக்குப் படிக்கட்டில் கேட்ட அதே குரல்.

திரையில் அவளே பதில் சொன்னாள். விவாகரத்து என்று சிங்களத்தில் கொட்டை எழுத்தில் ஓடியது. நான் வாயைத் திறந்தேன். "செத்துப்போனாராம்," என்று சொன்னேன்.

அட கோதாரி! இரண்டு தரம் பார்த்துத் தெரிந்தெடுத்த படத்தில், எந்தச் சொல்லுக்காகப் படத்தையே போட்டேனோ அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன். என் நாக்கை நானே பிடித்து இழுத்து அறைய வேண்டும்போல் இருந்தது. ராத்தா மட்டும் தலையைத் திருப்பி என்னை ஒரு தரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு அபிப்பிராயங்கள் தேனாய் ஓடின. "பாவம், எத்தினை நாளைக்குத் தனிய இருப்பாள்," என்றார் ரீச்சர். "செய்யட்டும், அதிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா அந்த நரைக்கு டை அடிச்சிருக்கலாம்." ராத்தா, "மாப்புள கொஞ்சம் ஒல்லி," என்றார். அம்மாகூட, "ஓம், ஒரு துணை வேணும்தானே," என்றார். எனக்குச் சந்தோசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த அனுமதியெல்லாம் புருசனைப் பறிகொடுத்தவளுக்குக் கிடைத்தது. எனக்கு அதில் ஒரு துண்டும் இல்லை.

பாதிப் படத்தில் பல் டொக்டரின் பழைய கணவர் கன்னம் வீங்கி, பல் வலியோடு கிளினிக்குக்கு வந்து நின்றார். அவர் வருவார் என்பது எனக்குத் தெரியும். பயத்தில் அது அடியோடு மறந்துபோயிருந்தது.

"இஞ்சை பார்," என்று ரீச்சர் நிமிர்ந்தார். "இவன் அந்தச் சுவர்ப் படத்திலை இருந்தவனெல்லே? செத்தவனெல்லே?"

"இல்லை ரீச்சர், அது அவரின்ரை தம்பி," என்றேன். "இரட்டைப் பிள்ளையள்."

"அச்சொட்டாய் அவனேதான்," என்று ரீச்சர் வியந்தார். அந்த மனிதர் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே அவருடைய பல்லைப் பிடுங்கினாள். "மச்சான்காரனுக்கு அவளிலை எவ்வளவு மரியாதை பார்," என்றார் ரீச்சர். அந்த நேரம் பார்த்து பல் டொக்டரின் மகள் ஓடிவந்து "பப்பா!" என்று அவரைக் கட்டிப்பிடித்தாள்.

ரீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"சித்தப்பாவை அங்கை அப்பிடித்தான் கூப்பிடுவினமாம்," என்றேன். ராத்தா முக்காட்டை வாய்க்குள் அமுக்கிக்கொண்டு இருமினார். நான் படத்தை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் ஓடினேன்.

ராத்தா பின்னாலேயே வந்தார். "எனக்கு ஹிந்தி வெளங்கும் புள்ள," என்றார் மெதுவாக. "சின்ன வயசிலேந்து எத்தன படம் பாத்திருப்பேன். நல்லா இரிந்த மனிசன ஏன் புள்ள மவுத்தாக்கினீங்க?"

"பயத்திலை சொல்லிப்போட்டன் ராத்தா."

"படத்துக்கே இவ்வளவு பயமா?"

அவர் சும்மாதான் கேட்டார். என் கதை அவருக்குத் தெரியாது. ஆனால் எனக்கு முகத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. யாரோ ஒரு பல் டொக்டரின் விவாகரத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அம்மாவை மட்டும் ஊருக்கு முன்னால் வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் கூட இருந்தது, என்மேல். கேத்தலை அடுப்பிலேயே விட்டுவிட்டு முன்னறைக்குப் போனேன்.

"ரீச்சர், அந்தாள் சாகேல்லை," என்றேன். "தம்பியும் இல்லை. அவர்தான் புருசன். அவையள் டிவோர்ஸ். நான்தான் பொய் சொன்னனான்."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் பிள்ளை?"

"என்னட்டையும் அப்பிடி ஒரு பொய் இருக்கு. கனடாவிலை இருக்கிறவர் இப்ப என்ரை மனிசன் இல்லை. விட்டு ஒன்பது வருசம். இன்னும் மூண்டு கிழமையிலை நான் வேறை ஒருத்தரை எழுதப்போறன்."

அம்மாவைப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவேன் என்று பயம். கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது.

"அப்ப இவ்வளவு நேரமும் படத்தைப் பிழையாய் அல்லோ பார்த்திருக்கிறம்!" என்றார் ரீச்சர். உண்மையாகவே கோபம். பிறகு கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "எனக்கு உது சரியாய்ப் படேல்லை பிள்ளை. புருசன் உயிரோடை இருக்கேக்கை இன்னொருத்தன். படத்திலையும் சரி, வெளியிலையும் சரி."

"சரியாய்ப் படாட்டில் பரவாயில்லை ரீச்சர்," என்றேன். "நான் எழுதத்தான் போறன்."

ரீச்சர் என்னை நெடுநேரம் பார்த்தார். பரீட்சைத் தாளில் ஏதோ பிழை தேடுகிற பார்வை. கடைசியில் அம்மாவிடம் திரும்பி, "உங்களுக்கு உது தெரியுமோ?" என்று கேட்டார்.

நான் பயந்த கேள்வி இதுதான். அம்மா பயந்ததும் இதைத்தான். அம்மா மடியில் கிடந்த, முகம் துடைக்கும் கைலேஞ்சியை நாலாக மடித்தார், பிறகு விரித்தார்.

"தெரியும்," என்றார். "கனடா எண்டு உங்களிட்டைச் சொன்னது நான். பிள்ளை ஒரு நாளும் அப்பிடிச் சொன்னதில்லை. பிழை என்ரை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. குசினியில் கேத்தல் கூவியது. ராத்தாதான் போய் அடுப்பை நிறுத்தினார்.

ரீச்சர் எழும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "திருப்பிப் போடு. முதல்லை இருந்து. இந்த முறை உள்ளது உள்ளபடி சொல்லவேணும்."

முதலிலிருந்து போட்டேன். சுவரில் அந்தக் கலியாணப் படம் வந்ததும், "இவள் விவாகரத்தானவள்," என்று மேல்மாடிவரை கேட்கும்படி சொன்னேன். ரீச்சருக்குப் படம் இந்த முறை பாதிதான் பிடித்தது. பழைய கணவன் அழுதபோது "நல்லாய் அழட்டும்" என்றார். ராத்தா எனக்கு முன்னமே சிரித்துச் சிரித்து, எங்கே சிரிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் காட்டிக்கொடுத்தார். அம்மா ஒரு அபிப்பிராயமும் சொல்லவில்லை. கடைசியில் பல் டொக்டரும் அந்த மெலிந்த மனிதனும் கலியாணப் பதிவாளர் கந்தோரில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, தங்கள் முறைக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். அதோடு படம் முடிகிறது.

"கலியாணத்தைக் காட்டாமலே முடிச்சுப்போட்டாங்கள், விசர்ப் படம்," என்று சொல்லிக்கொண்டு ரீச்சர் படியேறினார். எனக்கு வாழ்த்து ஒன்றும் சொல்லவில்லை. ராத்தா வாசலில் என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார்.

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா அறைக்குள் போய் அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தன் அடையாள அட்டையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தபடி வெளியே வந்தார்.

"இதிலை என்ரை படம் அவ்வளவு வடிவில்லை," என்றார். "சாட்சிக் கையெழுத்துக்கு இது போதுமோ?"