லிஃப்ட் இருக்கும் வழி

பூன் மியூசிங்குக்கு முப்பத்தோரு வருஷமும் ஒரே வேலை. ஹாங்காங்கின் அரசு மருத்துவமனை ஒன்றில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டாக்டரைப் பார்க்கும் தேதியைக் குறித்துக் கொடுக்க வேண்டும். எட்டு மாசம் கழித்து வரச் சொன்னால் எதிரில் நிற்பவர் கத்துவார். மியூசிங் பதிலுக்குக் கத்தியதே கிடையாது. பக்கத்துத் தடுப்பில் இருந்த வான்யீதான் அவளுக்கும் சேர்த்துக் கத்துவாள்.

வான்யீ அவளைவிட இரண்டு வயது மூத்தவள். டாக்ஸி ஓட்டும் கணவர், கல்யாணமாகிப் போன இரண்டு பிள்ளைகள், சனிக்கிழமைதோறும் பூங்காவில் கூடி ஆடும் நடனக் குழு என்று அவளைச் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும். மியூசிங் தனி ஆள். குவாய் ஃபோங் குடியிருப்பில் இருபத்து மூன்றாவது மாடியில், அம்மா இருந்தவரை அம்மாவோடு இருந்தாள், பிறகு தனியாக. அவளுக்கு வாரத்தில் பேச்சு என்றால் வான்யீயோடு பேசுவதுதான்.

ஹாங்காங்கில் ஜப்பானுக்குக் கிளம்புகிறவர்கள் "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்பார்கள், ஏதோ பாட்டன் வீடு அங்கே இருப்பதுபோல. மியூசிங் நாற்பத்தாறு வயதுவரை போனதில்லை. வான்யீதான் இழுத்துக்கொண்டு போனாள். அந்த முதல் பயணத்தில் ஷின்ஜுகு ஸ்டேஷனில் இரண்டு பேரும் வழி தவறி, ஏறின படியிலேயே ஏறி இறங்கி இரண்டு மணி நேரம் அலைந்தார்கள். வான்யீயின் முழங்கால் வீங்கிப்போய், நடைபாதையின் சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

"செத்தாலும் இங்கதான் சாவேன், என்னால இனி ஒரு படி ஏற முடியாது. நீ போய் பொழைச்சுக்கோ!"

அந்த அழுகையை மியூசிங் மறக்கவில்லை. ஊர் திரும்பியதும் போனில் வழி காட்டும் செயலிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். அந்த வித்தை அவளுக்கு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வந்தது. எந்த வண்டி, எந்த நடைமேடை என்று எல்லோரும் பார்ப்பார்கள். அவள் அதற்கும் மேலே போனாள். நாலாவது பெட்டியின் இரண்டாவது கதவில் ஏறினால் இறங்குமிடத்தில் நேராக லிஃப்டுக்கு எதிரில் நிற்கலாம் என்பதுவரை பார்த்து வைப்பாள். லிஃப்ட் பெரும்பாலும் நடைமேடையின் கோடியில் இருக்கும். சுற்றிப் போக வேண்டும், பத்து நிமிஷம் கூடும். கூடினால் என்ன, வான்யீயின் முழங்காலுக்கு ஒரு படிகூட வரக்கூடாது.

பன்னிரண்டு வருஷத்தில் டோக்கியோ, ஒசாகா, சியோல், தைபே, பாங்காக் என்று பதினேழு பயணம் போனார்கள். மதிய உணவு வேளையில், பன்றிக்கறி வறுவலும் சோறும் ஆறிக்கொண்டிருக்க, மியூசிங் போனில் விரலால் தேய்த்துத் தேய்த்துச் சியோல் சுரங்க ரயிலில் போய் வந்துகொண்டிருப்பாள். வான்யீயின் கணவர்கூட, "இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்கே இவ்வளவு வழி தெரியாது" என்பார்.

வான்யீயோ போனைத் தொடவே மாட்டாள். "எனக்கு இந்தச் சமாச்சாரம் மண்டையில ஏறாதுடீ. கிழக்கு எது, மேற்கு எதுன்னே தெரியல. அதான் நீ இருக்கியே!"

அந்த "நீ இருக்கியே" போதும் மியூசிங்குக்கு. அவளை அப்படிச் சொல்ல வேறு யாரும் இல்லை.

இருவரும் ஓய்வு பெற்ற வருஷம் அக்டோபரில் சியோலுக்குப் போவதாக ஏற்பாடு. இலைகள் சிவக்கும் பருவம். மியூசிங் ஐந்து நாளுக்கும் மணிவாரியாகத் திட்டம் எழுதி, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் லிஃப்ட் வழியையும் குறித்து வான்யீக்கு அனுப்பினாள். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது வான்யீ போன் செய்தாள். எல்லை தாண்டி சீனப் பக்கம் ஜோங்ஷானில் இருக்கும் அவள் அக்காவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷனாம், கூட இருக்க ஆள் இல்லையாம்.

"நீ கவலப்படாதக்கா. சியோல் எங்க ஓடிப்போகுது?" என்றாள் மியூசிங். டிக்கெட்டை ரத்து செய்தாள். மறுநாள் காலை ஷாம் ஷுய் போ சந்தைக்குப் போய் அத்திப்பழ வற்றலும் காய்ந்த மீனும் சேனைபோல் ஒரு கிழங்கும் வாங்கி, ஆபரேஷன் ஆனவருக்கு சூப் வைக்க என்று தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எந்தப் பொட்டலம் எத்தனை மணி நேரம் கொதிக்க வேண்டும் என்று மேலே எழுதி, வான்யீ வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஏப்ரலில் இருவரும் ஒசாகாவுக்குப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை உமேதா ஸ்டேஷனின் நிலத்தடிக் கடைத்தெருவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தானிமாச்சி ஆறாம் வீதிப் பக்கம் பழைய கடைத்தெரு ஒன்றைப் பார்க்கப் போவதாகத் திட்டம். மியூசிங்கின் போன் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. படக்கென்று அணைந்தது. அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள். உயிரே இல்லை.

"கழிப்பறைக்குப் போயிட்டு வந்துடறேன், இத வச்சுக்கோ" என்று வான்யீ கைப்பையையும் அதற்கு மேலே தன் போனையும் அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

வான்யீ வருவதற்குள் வழியைப் பார்த்து வைத்துவிடலாம் என்றுதான் மியூசிங் அந்தப் போனை எடுத்தாள். திறக்கும் எண் அவளுக்குத் தெரியும், கடையில் வாங்கின அன்று போட்டுக் கொடுத்ததே அவள்தான். செயலியை இறக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது பக்கத்திலேயே இருந்தது. அவள் பயன்படுத்தும் அதே செயலி. தொட்டாள். ஒசாகா வரவில்லை. கடைசியாக எந்த ஊரில் மூடினோமோ அந்த ஊர்தான் முதலில் திறக்கும். சியோல் திறந்தது.

போன தடவை போனபோது உள்ளதோ என்று ஒரு நொடி நினைத்தாள். அது நாலு வருஷத்துக்கு முன்னால். இந்தப் போன் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

சேமித்து வைத்த பயணங்கள் வரிசையாக இருந்தன. அங்குக்கிலிருந்து மாங்வோன், மாங்வோனிலிருந்து மியோங்டோங். எல்லாம் அக்டோபர் தேதிகள். மியூசிங் எழுதிய திட்டம்தான், இடமும் நேரமும் அப்படியே. நடை வேகம் என்ற இடத்தில் "வேகமாக" என்று இருந்தது. லிஃப்ட் வேண்டும் என்ற கட்டத்தில் குறி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தொகுப்புக்கு வான்யீ ஒரு பெயர் வைத்திருந்தாள்: "ஸ்டேஷன் மாஸ்டர் திட்டம் (லிஃப்ட் இல்லாமல்)".

மியூசிங் போனை அணைத்துக் கைப்பையின் மேல், முன்பு இருந்த மாதிரியே வைத்தாள். விமானம் இறங்கும்போது காது அடைக்குமே, அப்படி அடைத்திருந்தது.

வான்யீ கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "போகலாமா? எந்தப் பக்கம்?"

"என் போன் செத்துப்போச்சுக்கா. இன்னிக்கு நீ கூட்டிட்டுப் போ."

"நானா? அடி பைத்தியமே, நான் கூட்டிட்டுப் போனா ஹொக்கைடோவுல போய் நிப்போம்!"

"நின்னா நிக்கலாம். பனி பாத்துட்டு வரலாம்."

வான்யீ சிரித்தாள். போனைத் திறந்து தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். "இதுல எங்க என்ன இருக்கு... இங்க பாரு, எல்லாம் புழுவா நெளியுது" என்றாள். தலைக்கு மேலே தானிமாச்சி ரயிலுக்கு ஊதா நிறத்தில் பலகை தொங்கியது, அம்புக்குறியோடு. அதைப் பார்த்துவிட்டு அதற்கு எதிர்த் திசையில் திரும்பினாள். பலகை கண்ணில் பட்டதை மியூசிங் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தாள்.

பின்னாலேயே நடந்தாள். வான்யீ ஒரு கேக் கடையை இரண்டு முறை சுற்றினாள். ஸ்டேஷன் ஊழியர் ஒருவரிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டாள். அவர் சரியான பக்கம்தான் காட்டினார். குனிந்து நன்றி சொல்லிவிட்டு வேறு பக்கம் போனாள். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!" என்று நடுநடுவே திரும்பிச் சிரித்தாள். மியூசிங்கும் சிரித்துவைத்தாள். இந்த நாடகம் எத்தனை ஊரில் எத்தனை ஸ்டேஷனில் நடந்திருக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. தைபேயில் பயண அட்டையைத் தலைகீழாக வைத்துவிட்டு விழித்தது. பாங்காக்கில் "என் கையப் புடிச்சுக்கோடீ, தொலைஞ்சுடுவேன்" என்றது. எது நிஜம், எது நாடகம்?

சிவப்பு ரயிலில் ஏறினார்கள், அதுவும் எதிர்த் திசையில் போவதில். ஒரே ஸ்டேஷன் போய் நகாட்சுவில் நின்றது. அத்தோடு வண்டி முடிந்தது என்று எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

"ஐயையோ, இது எந்த ஊருடீ?" என்றாள் வான்யீ வாயைப் பொத்திக்கொண்டு.

நடைமேடையில் ஒரு பெஞ்சு இருந்தது. மியூசிங் உட்கார்ந்தாள்.

"அங்குக்ல எந்த வாசல் வழியா வெளிய போனே?"

"என்ன?"

"சியோல்ல. அங்குக் ஸ்டேஷன். நான் மூணாவது வாசல்னு எழுதியிருந்தேன், அதுலதான் லிஃப்ட் இருக்கு. நீ படியில ஏறினியோ?"

வான்யீயின் கை வாயிலிருந்து மெல்ல இறங்கியது. எதிரே ஒட்டியிருந்த பல் டாக்டர் விளம்பரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என் போனப் பாத்தியா?"

"வழி பாக்கத்தான் எடுத்தேன்."

"நடனக் குழுல நாலு பேரு கெளம்பினாங்க. வா வான்னாங்க. உன்னையும் கூப்பிடலாம்னுதான்..." நிறுத்தினாள். பிறகு, பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள்போல் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். "இல்ல. கூப்பிட வேணாம்னுதான் நெனச்சேன். உன்கூட வந்தா ஆபீசுக்குப் போற மாதிரி இருக்குடீ. இந்தக் கதவுல ஏறு, அந்தக் கதவுல எறங்கு. ஒரு தடவையாச்சும் கண்ட பக்கம் திரும்பி, கண்டதத் தின்னு, தொலைஞ்சு போகணும்னு இருந்துச்சு."

"உன் முட்டி?"

"அது மொத வருஷமே சரியாப் போச்சு."

எதிர்ப்பக்கம் ஒரு வண்டி வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"பதினொரு வருஷம் லிஃப்ட் தேடினேன்" என்றாள் மியூசிங்.

"நீ அவ்வளவு மெனக்கெட்டே. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"வாயால சொல்றது. எட்டு மாசம் கழிச்சு வாங்கன்னு ஊர்ல எல்லாருக்கும் சொன்னவதானே நீ."

வான்யீ அழ ஆரம்பித்தாள். இந்த அழுகையைப் பார்த்தும் மியூசிங்குக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"அப்புறம் எதுக்கு என்கூட வந்துகிட்டே இருந்தே? இந்த ஒசாகாவுக்கு எதுக்கு வந்தே?"

"உனக்கு யாரு இருக்கா, மியூ?" வான்யீ மூக்கை உறிஞ்சினாள். "வருஷம் பூரா நீ இதுக்காகத்தான் காத்துகிட்டு இருப்பே. பாவமா இருந்துச்சு."

ஏமாற்றியதைக்கூட மியூசிங் தாங்கியிருப்பாள். தன்னை ஸ்டேஷன் மாஸ்டர் என்று நாலு பெண்கள் சேர்ந்து சிரித்திருப்பார்களே, அதையும் ஒருநாள் மறந்திருப்பாள். இந்த "பாவம்" என்ற சொல்தான் உள்ளே இறங்கி நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷமாகத் தன்னை நம்பி ஒருத்தி வருகிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். வான்யீ வந்ததோ, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி.

"உங்க அக்கா நல்லாயிருக்காங்களா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொட்டலத்த எல்லாம் அவளுக்கே அனுப்பிட்டேன். நல்லாயிருந்துச்சுன்னு சொன்னா."

"சரி. எழுந்திரிங்க. இதே நடைமேடைல எதிர்ப்பக்கம் அடுத்த வண்டி. உமேதாவுல எறங்கினா ஓட்டலுக்கு உங்களுக்கே வழி தெரியும்."

நீ என்றே கூப்பிட்டுப் பழகின வாயில் அந்த "நீங்க" வந்ததும் வான்யீ நிமிர்ந்து பார்த்தாள். "அப்படிப் பேசாதடீ. நாலு அறை வேணா குடு."

மியூசிங் கொடுக்கவில்லை. வண்டி வந்ததும் வான்யீயை ஏற்றிவிட்டு அவள் மட்டும் நடைமேடையிலேயே நின்றாள். கதவு மூடும்போது வான்யீ கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

மேலே ஏறி வெளியே வந்தாள். நகாட்சுவில் பார்க்க எதுவும் இல்லை. ஆற்றுப் பாலம், ஒரு சைக்கிள் கடை, நூடுல்ஸ் கடை ஒன்று. வழி கேட்கப் போன் இல்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்கிப் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். கடைக்காரர், "நல்லாயில்லையா?" என்பதுபோல் கவலையோடு பார்த்ததும் மறுபடி உட்கார்ந்து மீதியையும் தின்று முடித்தாள்.

இன்னும் இரண்டு நாள் ஒரே அறையில்தான் இருக்க வேண்டியிருந்தது. "குளிக்கப் போறீங்களா?", "விளக்க அணைச்சிரட்டுமா?" என்று மியூசிங் கேட்டாள். திரும்பும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வான்யீ ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள், எந்நாளும் அதற்கு அடம்பிடிக்கிறவள். மியூசிங் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தாள்.

அதன் பிறகு வான்யீ எட்டுச் செய்திகள் அனுப்பினாள். ஒருநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு இருபத்து மூன்றாவது மாடிக்கே வந்தாள். மியூசிங் பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், கதவுவரை வந்து வழியனுப்பினாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டை போடவே அவளுக்குத் தெரியவில்லை.

அக்டோபரில் தனியாக ஃபுகுவோகாவுக்குப் போனாள். நன்றாகத்தான் இருந்தது. நாலு நாளில் யாரோடும் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை என்பது ஊர் திரும்பி, கீழே காவலாளியிடம் குரல் கொடுத்தபோது தொண்டை கரகரத்ததில்தான் தெரிந்தது.

சீனப் புத்தாண்டு கழிந்து மருத்துவமனையின் பழைய ஆட்கள் பன்னிரண்டு பேர் குவாய் சுங்கில் ஒரு தேநீர் விடுதியில் கூடினார்கள். மியூசிங் வேண்டுமென்றே கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவில் இருந்த வான்யீ எழுந்து தேநீர்க் கெண்டியோடு மேசையைச் சுற்றி வந்தாள். எல்லோர் கோப்பையையும் நிரப்பிக்கொண்டே வந்தவள் இவள் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். கோப்பை விளிம்புவரை நிறைந்தது. மியூசிங் இரண்டு விரலால் மேசையை இருமுறை தட்டினாள், அந்த ஊரில் தேநீர் ஊற்றுகிற யாருக்கும் நன்றியாகத் தட்டுவதுபோல. பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், அவள் பேரனுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது என்று கேட்க ஆரம்பித்தாள்.