சவுண்டுக்குள் நுழைந்த கப்பல்

“போகாத ஊருக்கு வழி சொல்ற மாதிரின்னா இருக்கு! இவளா எழுதப்போறா?”

இதைச் சொன்னவர் எங்கள் காலனியின் பெரிய குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு விஞ்ஞானியின் மனைவி. நான் மூன்றடி தள்ளி, சுருட்டிய ஜமுக்காளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் காதில் விழக்கூடாது என்று அவர் குரலைத் தாழ்த்தவில்லை. விழட்டும் என்று உயர்த்தவும் இல்லை. நான் அங்கே இருப்பதே அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. அதுதான் சுட்டது.

ஐதராபாத் காஞ்சன்பாகில் எங்கள் காலனித் தமிழ்ச் சங்கம் ஞாயிறு மாலைகளில் கூடும். அந்த மாமியின் கணவரை ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வருடப் பயிற்சிக்கு நியூசிலாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். குடும்பத்தோடு போனவர், திரும்புவதற்கு முன் ஒரு பழைய காரை வாங்கி, அந்த நாட்டின் இரண்டு பெரிய தீவுகளையும் சுற்றிவிட்டு வந்திருந்தார். அன்று அவர்களுடைய மகள் ஸ்லைடு போட்டுக் காட்டினாள். அவளுக்கு என் வயதுதான்.

“இது லேக்” என்றாள். அடுத்த படத்துக்கு, “திஸ் ஈஸ் ஆல்சோ லேக்.” அதற்கடுத்த படத்துக்கு, “யே பீ லேக்.”

அரங்கம் சிரித்தது. அவளும் சிரித்தாள். படங்கள் முடிந்ததும் சங்கச் செயலாளர் எழுந்து, “இதை நம்ம ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரையா எழுதிக் குடும்மா” என்றார்.

“பேசுவேன் அங்கிள். எழுதறது நக்கோ, வேண்டாம்.”

மறுபடி சிரிப்பு. செயலாளர் சுற்றுமுற்றும் பார்த்து என் பக்கம் விரலை நீட்டினார். “நீ சொல்லு, அந்தப் பொண்ணு எழுதட்டும். ஒற்று விடாம எழுதறவ இந்தக் காலனியிலயே அவ ஒருத்திதான்.”

அப்போதுதான் அந்த வார்த்தை வந்து விழுந்தது.

என் அப்பா அதே ஆய்வுக்கூடத்தில் கலாசி. கனமான இயந்திரங்களுக்குச் சங்கிலி மாட்டித் தூக்கி இறக்குகிற வேலை. வட ஆற்காட்டிலிருந்து வந்தவர். கையெழுத்து கேட்கும் இடங்களில் பெருவிரலை வைப்பார். அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்தைத் தொட்டவள் நான். தெலுங்குப் பள்ளியில் படித்தேன், ஞாயிறுதோறும் சங்கத்து வகுப்பில் தமிழ் கற்றேன். அந்த வருடம் இரண்டு பஸ் மாறிக் கோட்டிப் பகுதியிலிருந்த கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்குக் கர்வம் இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. எழுதிக் காட்டுகிறேன் என்று ஜமுக்காளத்தைக் கீழே போட்டேன்.

ஒரு வாரம் தினமும் மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவாள். நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஐதராபாத் வெயிலில் எதற்கும் உதவாத அவளுடைய சிவப்புக் கம்பளிக் கோட்டு நாற்காலி முதுகில் கிடந்தது. அவள் அதன்மேலேயே சாய்ந்து உட்காருவாள்.

“டாடி ரொம்ப மெதுவா ஓட்டுவார். பின்னாடி லைனா கார் நிக்கும். ஒரு ஊர்ல பூமியிலேர்ந்து புகை வரும். ஸ்மெல்! அழுகின முட்டை. மம்மி மூக்கை மூடிண்டே தயிர்சாதம் சாப்பிட்டா.”

“சேறு கொதிக்கிற மாதிரி ஒரு படம் இருந்ததே?”

“ஹவ், ஆமா, அதான். ப்ளப் ப்ளப்னு.”

கேழ்வரகுக் களி கொதிப்பதைப் போல என்று எழுதிக்கொண்டேன். அடுத்ததாக ஓர் ஏரி.

“இது என்ன நீலம்?”

“ப்ளூ.”

“எப்படிப்பட்ட ப்ளூ?”

“ப்ளூ ப்ளூ” என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

மயில்துத்தத்தைப் பாலில் கரைத்த நீலம் அது. அவள் அதன் கரையில் நின்றிருந்தாள். பின்னால் பனிமலை. அவள் கையில் பாதி தின்ற ஆப்பிள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள் அந்த நாட்டில் உண்டாம். எதிர்ப்பக்கத்துக் கார் கடந்து வருகிறவரை இவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். அதைக்கூட அவள் ஒரு புகாராகத்தான் சொன்னாள். பாதையை மறித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஆடுகள் போனது, மழையில் மலைச்சரிவெல்லாம் அருவியானது, எல்லாமே அவளுக்குத் தாமதங்கள்.

அவள் அங்கே போனாள் என்பதற்காக மட்டும் எனக்குப் பொறாமை வரவில்லை. போய் அலுத்துப்போய் வந்தாள் என்பதற்காக வந்தது. அவளுக்கு அலுத்துப்போன ஒரு நாட்டை நான் ஆசையாசையாக எழுத வேண்டியிருந்தது.

இதில் தமிழ் வேறு என்னைப் படுத்தியது. நம் மொழியில் வினைச்சொல்லின் வாலில் ஆள் ஒட்டிக்கொள்கிறது. பார்த்தேன், நின்றேன், குளிரில் நடுங்கினேன். கட்டுரை அவள் பெயரில் வரப்போகிறது. ஆனால் ஒவ்வொரு ‘ஏன்’ விகுதி வரும்போதும் நின்றதும் நடுங்கியதும் நான்தான். நோட்டை மூடியதும் அந்த ‘நான்’ சிவப்புக் கோட்டுக்குள் போய்விடும். நான் எங்கள் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸுக்குத் தண்ணீர் பிடிக்கப் போவேன்.

வடதீவிலிருந்து தென்தீவுக்குக் கப்பலில் போக வேண்டும். காரும் லாரியும் மட்டுமல்ல, ரயில் பெட்டிகளும் அதன் வயிற்றுக்குள் போகும் என்று அவள் சொன்னதை வீட்டில் சொன்னேன்.

“ரயில் பொட்டி கப்பலுக்குள்ள போவுதா? சும்மா அளக்காதே” என்றார் அப்பா.

“நெஜமாப்பா. உள்ளயே தண்டவாளம் இருக்காம்.”

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “சரி, இன்னாத்துல கட்னாங்களாம்? கடலு ஆடுமே. கட்லன்னா அத்தினியும் ஒரு பக்கமா சாஞ்சிடும்.”

மறுநாள் இதை அவளிடம் கேட்டேன்.

“தெரியாது. நான் தூங்கிட்டேன்.”

“எப்போ?”

“ஃபெர்ரி ஃபுல்லா. வாந்தி வரக்கூடாதுன்னு மம்மி மாத்திரை குடுத்தா. மூணு ஹவரும் தூக்கம். கடைசியில சவுண்ட்ஸ் வரும், ரொம்ப ஃபேமஸ். கப்பல் அதுக்குள்ள போறப்போ எல்லாரும் மேல ஓடினாளாம். மம்மி எழுப்பினா, நான் எழுந்துக்கலை.”

பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அடிக்க வேண்டும்போல இருந்தது.

அன்று கப்பல் பகுதியை நானே எழுதினேன். என் வாழ்க்கையில் நான் ஏறியது ஒரே ஒரு படகு. கல்லூரிச் சுற்றுலாவில், நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்துக்கு நடுவில் உள்ள தீவுக்குப் போன லாஞ்ச். அந்த டீசல் நாற்றம், முகத்தில் தெறித்த தண்ணீர், எல்லோரும் ஒரே பக்கமாகப் போகாதீர்கள் என்ற அதட்டல், எல்லாவற்றையும் எடுத்துப் பெரிய கப்பலில் ஏற்றினேன். சவுண்ட்ஸ் என்று அவள் சொன்னதற்கு ஒரு முழுப் பத்தி எழுதினேன். அதைப்போல ஒன்றை நான் அதுவரை எழுதியதில்லை என்றே நினைத்தேன்.

அடுத்த நாள் அவர்கள் வீட்டுக் கூடத்தில் படித்துக் காட்டினேன். மாமி காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவள் அப்பா, அதாவது சார், செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். களி கொதிக்கும் பூமிக்கு மாமியின் தலை ஆடியது. மயில்துத்தத்துக்கு, “பரவாயில்லையே” என்றார். எனக்குக் குரல் ஏறியது.

“‘மூன்று மணி நேரம் கழிந்ததும் கப்பல் ஓர் ஓசைக்குள் நுழைந்தது. அது அலையின் ஓசை அன்று. பறவைகளின் ஓசையும் அன்று. மலைகள் ஒன்றையொன்று கூப்பிடும் ஓசை. நான் மேல்தளத்துக்கு ஓடினேன்...’”

செய்தித்தாள் கீழே இறங்கியது. “எதுக்குள்ள நுழைஞ்சுது?”

“ஓசைக்குள்ள சார். சவுண்ட்ஸ்.”

அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிற மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு சாலை வரைபடத்தை எடுத்து விரித்தார். தென்தீவின் உச்சி கறையான் அரித்ததுபோல இருந்தது. “இதோ பாரு. மலைகளுக்கு நடுவுல கடல் நீளமா உள்ள போயிருக்கு பாரு, அதுக்குப் பேர்தான் சவுண்ட். சத்தமே கிடையாதும்மா. அவ்வளவு அமைதி.”

“நான் அன்னிக்கே சொன்னேன்” என்றார் மாமி.

அப்போது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மம்மி, நானும் அப்படித்தான் நினைச்சேன்! ஏதோ எக்கோ வரும் போலன்னு!”

“அசடு, அசடு” என்று மாமி அவள் தலையில் செல்லமாகத் தட்டினார்.

அதே தவறு. கப்பலில் போனவளும் செய்திருந்தாள், போகாதவளும் செய்திருந்தாள். அவள் செய்தால் வேடிக்கை. நான் செய்தால் எனக்கு எழுதத் தகுதியில்லை. இதைவிட அவள்மேல் எனக்குப் பொறாமை வந்த நேரம் வேறு இல்லை. ஏரியும் பனிமலையும்கூட இரண்டாம்பட்சம். தவறு செய்துவிட்டுச் சிரிக்க முடிகிறதே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

“என் தம்பி மெட்ராஸ்ல கதையெல்லாம் எழுதறான்” என்று மாமி சாரிடம் சொன்னார். “அவனுக்கு அனுப்பிடலாம். இவளைச் சொல்லி என்ன பண்றது, பாவம்.”

அந்தப் பாவத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை. “ரெண்டு நாள் குடுங்க மாமி” என்றேன். பிறகு சாரிடம், “இந்த மேப்பை எடுத்துக்கிட்டுப் போகட்டுமா? அப்புறம் சார், ரயில் பெட்டியை எல்லாம் உள்ளே எதால கட்டியிருந்தாங்க?”

அவர் கப்பலின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார். தரையில் பதித்த கொக்கிகளிலிருந்து சங்கிலி போட்டு, ஒவ்வொரு பெட்டியையும் நாலு பக்கமும் இறுக்கியிருந்தார்களாம். “வீட்டுல யாருமே இதைக் கேக்கலை” என்றார். வரைபடத்தை மடித்துக் கொடுத்து, “மடிப்புல கிழியாம பாத்துக்கோ” என்றார்.

வீட்டில் தரையில் விரித்து, நாலு மூலையிலும் டம்ளர் வைத்தேன். சங்கிலி சங்கதியை அப்பாவிடம் சொன்னதும், “அதான பாத்தேன்” என்று திருப்தியாக வெற்றிலை போடப் போனார். அம்மா குனிந்து பார்த்து, “இத்தினி தண்ணியா?” என்று கேட்டார்.

கப்பல் பகுதியை அடித்துவிட்டுத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். முதல் வரியைப் பொறாமைதான் எழுதியது. “கப்பல் கிளம்பியதும் நான் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிப்போனேன்.” அது பொய்யும் இல்லை. அவள் பெயரில் அச்சாகட்டும், எல்லோரும் படிக்கட்டும் என்றிருந்தது. ஆனால் அந்த ‘ஏன்’ விகுதி என்னைத் தொந்தரவு செய்தது. எவ்வளவு எரிச்சல் இருந்தாலும் அந்தக் கப்பலில் என்னால் தூங்க முடியவில்லை. வரியை அடித்தேன். மேல்தளத்துக்குப் போனேன். மலைகளுக்கு நடுவே கடல் விரல்களை நுழைத்திருந்தது. கப்பல் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிற்று. யாரும் பேசவில்லை.

இந்த முறை படித்து முடித்ததும் சார் கேட்டார்: “நீ போனது எப்போ?” கேலியாகத்தான் கேட்டார். மெட்ராஸ் தம்பியின் பேச்சு மறுபடி வரவில்லை.

‘எழுதியவர்’ என்று கீழே என் பெயரைப் போட முடியுமா என்று செயலாளரிடம் கேட்டேன். “போனவ பேர்லதானேம்மா பயணக் கட்டுரை வரும்?” என்றார். நியாயம்தான். மலர் வந்தபோது அவள் பெயர் இருந்தது. கப்பல் கிளம்புவதற்கு முன் எடுத்த அவள் படமும் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, வெளியீட்டு விழாவில் அவளே மைக்கைப் பிடித்து, “ஆக்சுவலி, இதை எழுதினது அவதான்” என்று என்னைக் காட்டினாள். கைதட்டினார்கள். பிறகு அவளைச் சூழ்ந்துகொண்டு அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்கள்.

நல்ல பெண் என்று அவளைச் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் பாராட்டை அப்படித் தூக்கிக் கொடுத்துவிட, அவளிடம் ஏற்கெனவே அவ்வளவு இருந்தது. எனக்கு அந்த ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவள் கொடுத்து வந்ததாகிவிட்டது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. நாம்பள்ளியில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். பொறாமை தணிந்துவிட்டது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். தணியவில்லை. போன மாதம் பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கினேன். சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். வேறு யாரிடமாவது போயிருக்கலாம். சாரிடமே போனேன். அவர் எதுவும் கேட்காமல் போட்டுக் கொடுத்தார். மாமிதான் கேட்டார்: “டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமோ?”

“தெரியும் மாமி” என்றேன். உண்மையில் தெரிந்துதான் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் துபாய்க்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கவுண்டரில் இருந்தவர், போக விரும்பும் நாடு என்ற இடத்தில் நான் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன்.

“ஃபிர் கைக்கு?”

பிறகு எதற்கு என்று கேட்கிறார். “தேக்னே கு” என்றேன். பார்ப்பதற்கு. அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு, விண்ணப்பத்தில் முத்திரை குத்தி ரசீதை என் பக்கம் தள்ளினார்.