தள்ளித் திறக்கிற கதவு

பழைய கார் வியாபாரத்தில் வண்டியைப் பற்றிப் பேசுவது கால் மணி நேரம்தான்; மீதி நேரமெல்லாம் வாங்க வந்த குடும்பத்தின் சண்டையை வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில், பருத்திப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் யார்டு. நான் அங்கே சேல்ஸ். புது வண்டி விற்கிற ஏசி ஷோரூம்காரர்களுக்கு இந்தப் பாடு புரியாது. பழைய வண்டி விற்றவர்கள், வாங்கியவர்கள், வாங்கப்போன மச்சானுக்குத் துணைக்குப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள், உங்களுக்குப் புரியும். சேவியர் சார் வீட்டுக்கு வண்டி தேடிய கதையை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அதே வண்டி

சேவியர் சாருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. யார்டுக்குள் அவர் ஓட்டிவந்தது, தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி ஒரு பழைய மினி வேன். அந்த மாடலைக் கம்பெனியே நிறுத்திவிட்டது. கியர் மாற்றும்போதெல்லாம் உள்ளே யாரோ பாத்திரம் தேய்ப்பதுபோல் சத்தம். மாற்றுவதற்குச் சாமான் கிடைக்கவில்லை என்றார்.

என்ன மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டேன். தரை தாழ்வாக இருக்க வேண்டும், பக்கத்துக் கதவு தள்ளித் திறக்க வேண்டும், பின்னால் சாமான் வைக்க இடம் வேண்டும். "தள்ளுற கதவு எதுக்கு சார், பார்க்கிங் நெருக்கமா?" என்றேன். "வீட்ல அதுதான் பழக்கம்" என்று மட்டும் சொன்னார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த மாதிரி வண்டிகள் இப்போது குறைவு என்று நான் இழுத்ததும் அவர் சொன்னார்: "எதையும் மாத்த வேணாம் சார். இதே வண்டி, ஆனா கம்பெனி நிறுத்தாத வண்டியா பாத்துக் குடுங்க."

முதலாளியின் பாடம்

அவர் போனதும் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். யார்டில் அப்போது தள்ளுகிற கதவு வைத்தது எங்கள் ஆபீஸ் அறை மட்டும்தான். முதலாளி கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். மூலையில் ஒரு உயரமான எஸ்யூவி ரொம்ப நாளாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி எனக்குப் புத்தி சொன்னார்: "கஸ்டமருக்கு இன்னா வேணும்னு கேட்டுகினே இருக்காத. நம்மகிட்ட இன்னா கீதுன்னு சொல்லு."

வேனுக்குள் ஒருவர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து குடும்பமே வந்துவிட்டது. சேவியர் சார், மனைவி ரீட்டா, பள்ளிக்கூடம் படிக்கிற பையன், ரயில்வேயில் இருந்து ரிட்டயரான அப்பா. நான் முதலாளியின் பாடத்தை ஒப்பித்து எஸ்யூவியைக் காட்டினேன். பெரியவர் எஸ்யூவியின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து சாலையில் போகிற பஸ்களை ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு களை. பையன் பாட்டுப் பெட்டியை அலறவிட்டான். சேவியர் சாரும் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து மெல்லச் சிரித்தார். ரீட்டா மட்டும் கதவின் கீழ்ப்படியைப் பார்த்தபடி நின்றார்.

பில் போடுகிற அளவுக்கு நான் உள்ளூர மகிழ்ந்திருந்த நேரத்தில், பழைய வேனின் கதவு சர்ரென்று திறந்தது. உள்ளே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். சேவியர் சாரின் அக்கா மார்கரெட். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் நடக்காது. மடக்கிய சக்கர நாற்காலி பின்னால் இருந்தது. அவ்வளவு நேரமும் அவர் அங்கே இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "எல்லாரும் ஏறிப் பாத்தாச்சா? என்னை எங்க கட்டப் போறீங்க, மேல கேரியர்லயா?"

காற்றோட்டம்

தள்ளுகிற கதவின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஐயப்பன்தாங்கலில் அதே மாடல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, எங்கள் மெக்கானிக் குமாரையும் அழைத்துக்கொண்டு சேவியர் சாரோடு போனேன். வெளியே புதுப் பெயிண்ட் பளபளத்தது. குமார் தரைவிரிப்பைத் தூக்கினான். தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்து, கீழே தெரு தெரிந்தது. "இன்னா மாமே, உள்ள குந்திகினு நாமளும் நடக்கணுமா?" என்று குமார் கேட்டான். சேவியர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். வண்டிக்காரர் அசரவில்லை: "மழைத் தண்ணி உள்ள வந்தா நிக்காது சார், அப்டியே எறங்கிடும்."

ஒத்திகை

அலுத்துப்போய் சேவியர் சார் எஸ்யூவிக்கே திரும்பி வந்தார். அக்காவைத் தூக்கி உட்காரவைத்துவிடலாம், அதிலென்ன என்றார். அப்பாவும் ஆமாம் போட்டார். யார்டிலேயே செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. சேவியர் சார் ஒரு பக்கம், குமார் ஒரு பக்கம். தூக்கியபோது மார்கரெட் அக்காவின் புடவை கதவில் மாட்டியது. ஒரு செருப்பு கீழே விழுந்தது. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எதிரே இருந்த சுவரையே பார்த்தார். நான் அந்தச் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

மார்கரெட் அக்காவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற வேலை. தினமும் காலையில் ரீட்டாதான் வேனில் கொண்டுபோய் விடுவார். பழைய வேனில் நாற்காலியிலிருந்து கையை ஊன்றித் தானே ஏறிக்கொள்வார். யார் கையும் படாது. "ஒரு நிமிஷ வேலைதானே அக்கா" என்றார் சேவியர் சார். அக்கா தம்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்: "இவன் விடியறதுக்குள்ள ஆபீஸ் பஸ் ஏறிடுவான். ரீட்டாவால தூக்க முடியாது. தெனம் நீங்க வந்து தூக்குவீங்களா தம்பி?"

சாம்பார் வண்டி

நான் முதலாளியின் பாடத்தை மறந்துவிட்டு வெளியே தேட ஆரம்பித்தேன். குத்தம்பாக்கத்தில் ஒரு சமையல் கான்ட்ராக்டர் தொழிலுக்குப் பெரிய வண்டி எடுத்திருந்ததால் தன் வேனை விற்கப் பார்த்தார். வேறு மாடல், இன்னும் உற்பத்தியில் இருப்பது, தள்ளுகிற கதவு, தாழ்ந்த தரை. அண்டா வைப்பதற்காகக் கழற்றிய சீட்டைப் பரணில் பத்திரமாகப் போட்டிருந்தார். குமார் அதை மாட்டி, இஞ்சினைப் பிரித்துப் பார்த்து, "குதிரை கணக்கா கீது" என்றான். அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. கழுவிக் கழுவியும் பெருங்காய வாசனை போகவில்லை.

யார்டில் அதைப் பார்த்ததும் பெரியவர் முகம் சுருங்கியது. மார்கரெட் அக்கா எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். நாற்காலியைக் கதவை ஒட்டி நிறுத்தினார். உள்ளங்கையை சீட்டில் பதித்து, உடம்பை ஒரு வீச்சில் திருப்பி உள்ளே போனார். முதல் முறை கால் கீழே தங்கிவிட்டது. இறங்கி மறுபடி செய்தார். இரண்டாம் முறை சரியாக அமர்ந்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ரீட்டாவும் நானும் பார்த்தோம். இருவருமே வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

கதவு திறந்ததும் பெரியவர் கடைசி முயற்சியாக, "ஏம்மா, கோயில் வாசல்ல போய் நின்னா நம்மள சமையல்காரங்கன்னு நெனைப்பாங்களே" என்றார். ரீட்டா அதற்குள் சாவிக்குக் கை நீட்டிவிட்டார். மார்கரெட் அக்கா சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சொன்னார்: "நெனைக்கட்டும்பா. விருந்துன்னா மொதல்ல நம்மளத்தான் கூப்பிடுவாங்க."

கஷ்டமான கஸ்டமரையும் நான் மடக்கிவிட்டதாக முதலாளி இன்றும் வருகிறவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்படுகிறார். எனக்குத் தெரிந்தவரை, அவர்கள் தங்களுக்கான வண்டியை வாங்கிவிடாமல் முடிந்த மட்டும் தாமதப்படுத்தியதுதான் நான் செய்த சேல்ஸ்.