சுருட்டிக்கொண்டு போக முடியாத தரை

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு முறை. வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். அதை அவர் மாட்டின் கழுத்தில் கட்டிய பிறகுதான் விற்கிறவர் தன் கயிற்றை அவிழ்ப்பார். எங்கள் செவலைப் பசுவை அப்பா அப்படி அவிழ்த்துவிட்ட மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வட்டவளைப் பக்கம் மழை இல்லாத மத்தியானமே அபூர்வம். அன்று சுள்ளென்று வெயில். றொசல்லயிலிருந்து வந்த பால்காரர் பணத்தை வெற்றிலையில் வைத்து நீட்டினார். அப்பா எண்ணிப் பார்க்காமல் வாங்கி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அப்படியே அக்காவிடம் கொடுத்தார். மறுவாரம் அக்கா ஒரு தகரப் பெட்டியோடு ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு ரயில் ஏறினாள். அவ்வளவுதான், காரியம் முடிந்தது. அன்றைக்கு அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இன்றைக்கு எனக்கு நாற்பத்தெட்டு.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சத்தைக் கொட்டகலைக் கடைவீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் நின்றுதான் படித்தேன். ஆணி வாங்க வருகிறவரும் சும்மா வரமாட்டார், ஒரு சொலவடையோடு வருவார். ஆணியைக் கொடுத்துவிட்டுச் சொலவடையை நான் வைத்துக்கொள்வேன். ஆனால் நான் சேர்த்து வைத்ததிலேயே எனக்கு அறவே பிடிக்காதது எங்கள் முதலாளி சொல்கிற ஒன்றுதான். "ஒங்கப்பா சாணி அள்ளுனாரு. நீ கண்ணாடி மாதிரி தரையில நடக்குற. இதுக்கு மேல என்னப்பா வேணும்?" என்பார். தோட்டத்துத் தலைவர்கள் மேடையில் சொல்வதும் இதேதான், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் சொல்வதும் இதேதான். கேட்கும்போதெல்லாம் துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி இருக்கும்.

அப்பா நன்றாக வாழ்ந்தார் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பொய்யும் எனக்குக் குமட்டும். நாற்பத்தெட்டு வயதில் அவருக்கு அறுபது வயது முகம். லயத்து வரிசையில் ஒரே ஓர் அறை, ஒற்றைக் காம்பரா; அதில் நாங்கள் ஆறு பேர். தகரக் கூரை ஒழுகினால் மேலே ஏறி ஒரு தார்ச்சீலை போடுவதற்குக்கூடத் தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். துரை வெளியே வருமுன் அவர் நாய் வந்து அப்பாவின் காலை முகர்ந்து பார்க்கும். அது முகர்ந்து முடிக்கும் வரை அப்பா அசையமாட்டார். வீட்டுக்கு வந்து, "நாய்க்கி என்னய நல்லாத் தெரியும். தொரைக்கித்தான் இன்னும் பேரு தெரியல" என்று சிரிப்பார். 

ஆனாலும் சொத்து விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அந்தக் காம்பராச் சுவரில் அவர் ஒரு ஆணி அடித்ததில்லை. சாமிப் படத்தைக்கூடப் பெட்டியின் மேல் சாய்த்துத்தான் வைத்திருந்தார். கையில் நாலு காசு சேர்ந்தால் கன்றுக்குட்டி, ஆடு, பித்தளை அண்டா, அம்மாவின் காதுக்கு ஒரு தோடு. இதற்குக் காரணம் அடுத்த காம்பராக்காரர். அவரை நாங்கள் சித்தப்பா என்போம். லயத்திலேயே முதன்முதலாகச் சிமெந்துத் தரை போட்டவர் அவர். சிவப்புச் சாயம் கலந்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். தரை காய்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, குடியுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றும் பட்டியலில் அவர் குடும்பத்தின் பெயர் வந்துவிட்டது. மாட்டை விற்றார், அண்டாவை விற்றார். தரையை யார் வாங்குவார்? புறப்படுகிற அன்று அந்தத் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாராம். அதிலிருந்து அப்பாவின் வாயில் ஒரே பேச்சு: "தரையப் பாய் மாதிரி சுருட்டிக்கிட்டா போக முடியும்? செவுத்துல போட்ட காசு செவுத்துக்காரனுக்கு."

அதே காம்பராவில்தான் நான் இன்றும் இருக்கிறேன். முன்னால் ஒரு விறாந்தை இழுத்து, பின்னால் சமைக்க ஒரு குசினி கட்டி, சுவருக்குப் பூச்சு, தரைக்கு டைல்ஸ். எல்லாம் என் மனைவியின் காசு. மகள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் போன பிறகு போட்ட தரை அது. அவள் கால் அதில் இன்னும் பட்டதில்லை. என்னைப் போல எத்தனையோ பேர். எங்கள் கடைக்கு வெளிநாட்டுப் பணம் வந்து சேர்கிற வழி எனக்கு அத்துப்படி: முதலில் கடனை அடைப்பார்கள், அடுத்ததாக டைல்ஸ் பார்க்க வருவார்கள். "நல்ல கலரா குடுங்கண்ணே, லயம்னு தெரியக்கூடாது" என்பார்கள். தோட்டத்துக்காரன் மண்ணில், தோட்டத்துக்காரன் சுவருக்குள், ஒரு துண்டு உறுதிப் பத்திரம் கையில் இல்லாமல், பெற்ற பிள்ளையைப் பிரிந்து சம்பாதித்த காசைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம். தலைமுறை தலைமுறையாகச் சாணித் தரையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும். வேறு யாரும் வாடகை வீட்டுக்குக்கூட இதைச் செய்யமாட்டார்கள். நானே அளந்து, நானே வெட்டிக் கொடுத்து, என் வீட்டுக்கும் ஒட்டினேன்.

இந்த வருடம் மகளுக்குக் கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மாதம் முடிவதற்குள் முதல் தவணையைக் கட்டினால்தான் இடம் நிற்கும். அக்கா தன் பென்சனிலிருந்து முடிந்ததைக் கொடுத்துவிட்டாள். பாதிக்கு மேல் பாக்கி நின்றது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஹட்டனில் ஒரு வங்கிக்குப் போனேன். கைபேசியில் வீட்டுப் படங்களை எடுத்துக்கொண்டு போனேன் என்றால் சிரிப்பீர்கள். அங்கே இருந்த பையன் நம் பையன்தான், மரியாதையான பிள்ளை. படங்களைப் பொறுமையாகப் பார்த்தான்.

"வீடு நல்லா இருக்குங்கண்ணே. உறுதி யாரு பேர்ல இருக்கு?"

"தோட்டத்து வீடு தம்பி. எங்க அம்மா பேரு பதிஞ்ச காம்பரா."

"அப்ப வீட்ட வச்சு ஒண்ணும் செய்ய ஏலாதுங்களே. வேற ஏதாச்சும் இருக்குங்களா? காணி, நகை?"

நகை அடகுக் கடையில் இருந்தது. முச்சக்கர வண்டி லீசிங் கடனில் இருந்தது. பிரிட்ஜும் டிவியும் தவணையில் வாங்கியவை. பழசாகிவிட்டதால் விற்றால் மகளின் செருப்புக்குத்தான் காணும். அந்தக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து மனத்துக்குள் என் சொத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி நின்ற இடத்தில் நின்றது. ஒரு மத்தியானத்தில் அவிழ்த்துக் கொடுக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. படிக்காத அந்த மனிதருக்கு அவர் மகளை அனுப்ப ஒரு மாடு இருந்தது. எனக்கு மகளை அனுப்பப் படங்கள் இருந்தன.

திரும்பிக் கடைக்கு வந்து முதலாளியிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்: "ஒங்கப்பா காலத்துல நெனச்சுப் பாத்திருப்பீங்களா, மக நர்சுக்குப் படிக்கும்னு? எங்கயோ வந்துட்டீங்கப்பா நீங்கள்லாம்."

"எங்க வந்துட்டோம் முதலாளி? அதே காம்பராதானே."

"அட, தரையப் பாருப்பா. எங்க வீட்லகூட அந்த டைல்ஸ் இல்ல."

"அப்ப அந்தத் தரைய நீங்க எடுத்துக்கங்க. மகளுக்குக் கட்டவேண்டியத குடுங்க."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும், யாவாரம் படுத்துக் கிடக்கிறது, தைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். பணம் இல்லை என்றதற்கு எனக்குக் கோபம் இல்லை. இல்லாதவரிடம் கோபித்து என்ன? எங்களை ஏழை என்று சொல்லி மறுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உயர்ந்துவிட்டாய், உயர்ந்துவிட்டாய் என்று முதுகில் தட்டித் தட்டியே வெறுங்கையோடு அனுப்புகிறார்களே, அந்தத் தட்டுதான் அருவருப்பு. அப்பாவைத் துரை தட்டிக் கொடுத்ததில்லை. அந்த ஒரு அசிங்கமாவது அவருக்கு நேரவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி வீடியோவில் அழைத்தாள். அவளுக்கு வருகிற தையோடு ஒப்பந்தம் முடிகிறது. வந்ததும் யார் வீட்டுக்கு முதலில் போவது, எந்தக் கோயிலில் பொங்கல் வைப்பது என்று ஆடி மாதத்திலிருந்தே பேசிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வதென்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"புள்ள எல்லாம் சொன்னிச்சு. மேடம்கிட்ட கேட்டுட்டேன். முன்பணம் தர்றாங்களாம்."

"சும்மாவா தர்றாங்க?"

"இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சுட்டேன்."

  "என்னங்க, முகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க? நான் வந்தா மட்டும் என்னா, ஒங்க சண்டையத்தான கேக்கணும்" என்றாள். நான் வழக்கம்போலக் கைபேசியைக் கீழே திருப்பினேன். ஒவ்வொரு முறையும் தரையைக் காட்டச் சொல்வாள். எந்த மூலையில் கறை, எந்தக் கல் ஆடுகிறது என்று அங்கிருந்தே விசாரிப்பாள். அன்று அவள் குரல் சட்டென்று மாறியது.

"தரையக் காட்டாதீங்க. புள்ளயக் காட்டுங்க."

மகளிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். தூறல். மாட்டுப் பட்டி இருந்த இடத்தில் இப்போது யாரோ முட்டைக்கோவா போட்டிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தரையில் செருப்போடு நடப்பதில்லை. கங்காணிகூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார். அன்று நான் சேறு அப்பிய செருப்போடு விறாந்தையிலிருந்து குசினி வரைக்கும் நடந்தேன். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியைத் தேடினாள்.

"விடு தாயி," என்றேன். "தோட்டத்துத் தரை. தோட்டத்துக்காரன் துடைச்சுக்கட்டும்."