நின்றபடி புறப்பட்டவள்

அன்புக்கரசிக்கு ஓட்டம் என்றால் நூறு மீட்டர்தான். இருநூறு ஓடு, நானூறு ஓடு என்று யாராவது சொன்னால், "அம்புட்டுத் தூரம் போகணும்னா நான் பஸ்ல போயிக்கிறேன்" என்பாள். வேடசந்தூரில் பள்ளியில் படித்தபோதும் அதே பேச்சு, விளையாட்டு ஒதுக்கீட்டில் திண்டுக்கல்லில் கல்லூரியில் சேர்ந்தபோதும் அதே பேச்சு.

அவளுடைய பலம் புறப்பாடு. கடைசி இருபது மீட்டரில் அவளை முந்திப் போகிறவர்கள் இருந்தார்கள். ஆனால் கைகளை ஊன்றிக் குனிந்திருக்கும் எட்டுப் பேரில், துப்பாக்கி வெடித்ததும் முதலில் எழுகிறவள் எப்போதும் அவள்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இரண்டாம் ஆண்டு தங்கம் வாங்கியது அதனால்தான்.

அப்பா ஸ்டான்லி நூற்பாலை பஸ் ஓட்டுகிறார். அம்மா இன்னாசியம்மாள் அதே ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்க்கிறார். புருஷன் ஓட்டுகிற பஸ்ஸில்தான் பெண்டாட்டி ஷிப்டுக்குப் போவார். மகள் ஓட்டத்தில் ஜெயித்து போலீசிலோ ரயில்வேயிலோ சேர்ந்துவிடுவாள் என்று இருவருமே நம்பியிருந்தார்கள்.

கல்லூரி கடைசி ஆண்டில் ஒருநாள் பயிற்சி முடிந்து அப்பா ஓட்டிய பைக்கில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு மினி லாரி சட்டென்று குறுக்கே வந்தது. ஸ்டான்லி ஒருபுறம் தெறித்து விழுந்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். பைக் அன்புக்கரசியின் வலது காலின்மேல் விழுந்து, அவளையும் இழுத்துக்கொண்டு போய் நின்றது. முழங்கால் சில்லு நொறுங்கியது. தொடை எலும்பும் முழங்காலுக்குச் சற்று மேலே உடைந்தது.

திண்டுக்கல்லில் ஒரு அறுவை சிகிச்சை, பிறகு மதுரையில் ஒன்று. ஆஸ்பத்திரி நடையில் ஸ்டான்லி பார்க்கிறவர்களிடமெல்லாம், "இத்தன வருசமா பஸ்ஸு ஓட்டுறேன், வண்டில ஒரு கோடு விழுந்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். பைக்கை ரிப்பேர் பார்த்து வந்த விலைக்கு விற்றார். மகளின் ஓட்டத்தைப் பற்றி வீட்டில் யார் பேச்செடுத்தாலும் எழுந்து வெளியே போய்விடுவார்.

படுத்துக் கிடந்த மாதங்களில் அன்புக்கரசிக்கு இருந்த ஒரே துணை போன். முதலில் இன்றைய ஓட்டக்காரிகளின் பந்தயங்களைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. கூட ஓடிய பெண்கள் தங்கள் பயிற்சியை எடுத்துப் போட்டால் அதைவிட எரிந்தது. ஒருநாள் ஏதோ ஒன்று முடிந்து, தானாக அடுத்த படம் ஓடத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை. நூறு வருடத்துக்கு முந்தைய பந்தயம். அரைக்கால் சட்டை தொளதொளவென்று ஆட, சாம்பல் நிறத் தரையில் ஆறு பேர் ஓடினார்கள். அதை அவளால் பார்க்க முடிந்தது. செத்துப்போனவர்கள்மேல் பொறாமை வரவில்லை.

அதிலிருந்து அவள் பழைய ஓட்டக்காரர்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். படம் கிடைக்காதவர்களைப் பற்றிப் படித்தாள். அந்தக் காலத்தில் கால் வைத்து உந்துவதற்கு பிளாக் எதுவும் கிடையாது. ஆளுக்கொரு சின்னக் கரண்டி கொண்டுவந்து, கோட்டுக்குப் பின்னால் தரையில் குழி தோண்டி, அதில் காலை ஊன்றிப் புறப்பட்டிருக்கிறார்கள். கல்கத்தாவில் பிறந்த பிரிச்சர்ட் என்பவர் 1900இல் பாரீசில் இரண்டு வெள்ளி வாங்கி, பிற்பாடு அமெரிக்கா போய் சினிமாவில் நடித்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டனுக்கு வந்த வாக்கர் என்ற பையன் பத்தொன்பது வயதில் உலகத்தின் வேகமான ஆளாகிவிட்டான். பேடக் என்கிற அமெரிக்கர் கடைசிக் கோட்டை ஓடிக் கடக்க மாட்டார், தாவிக் கடப்பார். அவருக்கு அன்புக்கரசி 'தவளை' என்று பெயர் வைத்தாள்.

ஒருநாள் கஞ்சியோடு வந்த இன்னாசியம்மாள் போனை எட்டிப் பார்த்தார்.

"யாருடி இவுங்க?"

"பழைய ஓட்டக்காரங்கம்மா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"எல்லாரும் செத்துட்டாங்க."

"செத்தவுக ஓடுறத எதுக்குடி பாக்குற? கஞ்சியக் குடி, ஆறிப்போகுது."

பெட்டி ராபின்சனை அவள் கண்டுபிடித்ததும் அந்தக் கட்டிலில் கிடந்தபோதுதான். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதல்முறையாக நூறு மீட்டர் வைத்தது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். அதில் ஜெயித்த அமெரிக்கப் பெண்ணுக்குப் பதினாறே வயது. மூன்று வருடம் கழித்து அவள் போன சின்ன விமானம் விழுந்து நொறுங்கியது. கண்டெடுத்தவர் பிணம் என்றே நினைத்து அவளைக் காரின் பின்பெட்டியில் வைத்து எடுத்துப் போனதாகச் சொல்கிறார்கள். பிழைத்தாள். கால் தேறியது, முழங்கால் மட்டும் சரியாக மடங்கவில்லை. குனிந்து புறப்பட முடியாது. அதனால் 1936இல் பெர்லினில் ரிலேயில் மூன்றாவது ஆளாக நின்றபடி பேட்டன் கோலை வாங்கி ஓடினாள். முன்னால் போன ஜெர்மன் அணி பேட்டனைத் தவறவிட, தங்கம் அவள் அணிக்குக் கிடைத்தது.

அன்புக்கரசி இதை ஷாஹினாவிடம் சொன்னாள். ஷாஹினா கல்லூரித் தோழி, கூடவே ஓடியவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் வாப்பா பிரியாணிக் கடை வைத்திருந்தார். வாரம் ஒருமுறை டிபன் கேரியரோடு வந்து கட்டிலோரம் உட்காருவாள்.

"அப்ப நீயும் ரிலே ஓடலாம்ல?" என்றாள் ஷாஹினா.

"ரிலே நாலு பேரு ஓட்டம். எனக்கு என் ஓட்டம் வேணும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கால் தேறியது. ஆனால் முழங்கால் நாற்காலியில் உட்காரும் அளவுக்குத்தான் மடங்கியது. சம்மணம் போட முடியாது. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது அவள் மட்டும் நின்றாள். முன்வரிசைக் குழந்தைகள் திரும்பிப் பார்க்கும். தெரியாத யாரோ ஒரு அம்மாள் ஒருமுறை பின்னாலிருந்து தோளைத் தட்டி, "முட்டி போடும்மா" என்றார். இன்னாசியம்மாள் திரும்பி, "அவளுக்கு முட்டியே இல்ல, எதப் போடுவா?" என்று கேட்டதில், பூசை முடியும்வரை அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

ஆலையில் ஆட்களின் வருகையைப் பதிவு செய்யும் டைம் ஆபீசில் அவளுக்கு வேலை கிடைத்தது. வேலை முடிந்ததும் கோயில் மைதானத்தில் நடந்தாள். நடை மெல்ல ஓட்டமானது. வலது காலை மடக்க முடியாததால் அதை வெளிப்பக்கம் வீசித்தான் ஓட முடிந்தது. பார்க்க நன்றாக இருக்காது என்று அவளுக்கே தெரியும். ஆனால் வேகம் வந்தது.

ஒரு மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த ஸ்டான்லி அதைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"வேணாம்மா. நடக்குறியே, அது போதும்."

"ஏன்ப்பா?"

"இன்னொருக்கா உன்னைய ஸ்ட்ரெச்சர்ல பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

"ஓடி நான் விழலப்பா. வண்டில வந்துதான் விழுந்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. ஸ்டான்லி சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் அவர்களுக்குள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவர் ஓட்டத்துக்கான ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்து கட்டிலின்மேல் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். அளவு ஒரு எண் பெரிசு. அவள் உள்ளே பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த ஆண்டு யாரும் கலந்துகொள்ளக்கூடிய மாவட்டத் திறந்தநிலைப் போட்டி திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. அன்புக்கரசி நூறு மீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தாள். தொடக்க நடுவர் தண்டாயுதபாணி பழனிப் பக்கத்துக்காரர், உடற்கல்வி ஆசிரியர். "ஆன் யுவர் மார்க்ஸ்" என்றதும் ஏழு பேர் குனிந்தார்கள். அவள் ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள். நடுவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க, குனியணுமுங்க."

"முழங்கால் மடங்காது சார். ஆபரேஷன் பண்ணிருக்கு."

"அப்படீங்களா?" அவர் அருகில் வந்து காலைப் பார்த்தார். நீளமான தழும்பு. "சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா நூறு மீட்டருக்குக் கையி ரெண்டும் தரைல ஊனியே ஆகணுமுங்க. அது ரூலுங்க."

"அந்தக் காலத்துல நின்னுக்கிட்டே ஓடினவங்க இருக்காங்க சார்."

"இருந்தாங்க. இப்ப அந்த ரூலு இல்லீங்களே. நான் உங்கள ஓட வுட்டாலும் முடிவு செல்லாதுங்க. பக்கத்துல நிக்கிற புள்ளைகளும் கேப்பாங்கல்லங்க."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அழுகை வந்தது. கோட்டைவிட்டு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். மைதானத்தில் துப்பாக்கி வெடித்தது. யார் முதலில் எழுந்தார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

ஷாஹினா தேடிக்கொண்டு வந்தாள். அதே போட்டியில் தன் குழுவோடு ரிலே ஓட வந்தவள். இவளைத் தேற்றுவதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை.

"முனீஸ்வரி முதல் ஆளு, சுகன்யா ரெண்டாவது. நான் கடைசி. மூணாவது ஓடுற புள்ளைக்குக் கல்யாணம், இந்த ஒரு ஓட்டத்தோட சரி. அடுத்த மாசம் மண்டலப் போட்டிக்கு ஆள் வேணும். வாரியா, வரலியா?"

"அந்த அமெரிக்காக்காரிக்குக் கடைசில ஓடினவ ஒலிம்பிக் சாம்பியன். எனக்கு யாரு?"

"நான்தான். பிடிக்கலைன்னா சொல்லு, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அன்புக்கரசி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பிராக்டிஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

பயிற்சி அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வாழ்க்கை முழுக்கத் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருந்து பழகியவள் அவள். இப்போது பின்னால் ஓடிவரும் சுகன்யாவைத் தலையைத் திருப்பிப் பார்த்து, அவள் ஒரு குறியைத் தாண்டும்போது புறப்பட வேண்டும். முதல் வாரம் முழுக்க அவசரப்பட்டு முன்னாலேயே கிளம்பினாள். பேட்டன் காற்றில் நின்றது. "ஏய், என்னைய விட்டுட்டு எங்க போற?" என்று சுகன்யா கத்துவாள். இரண்டாவது வாரம் பயந்துபோய்த் தாமதமாகக் கிளம்பினாள். சுகன்யா அவள் முதுகில் வந்து மோதினாள். ஓட்டத்தில் இன்னொருவரை நம்ப வேண்டியிருப்பது அவளுக்குப் புதிது.

ஒரு நல்லதும் நடந்தது. மூன்றாவது ஆள் ஓடுவது வளைவில். நேர்ப்பாதையில் பளிச்சென்று தெரிந்த அவளுடைய கால்வீச்சு, இடதுபுறம் திரும்பும் வளைவில் அவ்வளவாகத் தெரியவில்லை. உடம்பு உள்பக்கம் சாய, வெளிக்கால் தன் போக்கில் சுற்றி வந்தது. வளைவை ஒரு நாளும் மதிக்காதவள், அங்கேதான் தனக்குக் கொஞ்சம் சௌகரியம் இருப்பதைக் கண்டுகொண்டாள்.

மண்டலப் போட்டியன்று இன்னாசியம்மாள் லீவு போட்டுவிட்டு வந்தார். மகள் ஓடுவதை அவர் அதுவரை மைதானத்தில் பார்த்ததே இல்லை. ஸ்டான்லியும் வந்தார். கம்பி வேலிக்கு வெளியே தனியாக நின்றுகொண்டார்.

ஆறு அணிகள். முனீஸ்வரி நன்றாகப் புறப்பட்டாள். சுகன்யா வரும்போது அணி மூன்றாவது இடத்தில் இருந்தது. அன்புக்கரசி குறியைப் பார்த்துக் கிளம்பினாள், கையைப் பின்னால் நீட்டினாள், பேட்டன் உள்ளங்கையில் வந்து விழுந்தது. பிறகு வளைவு. அவள் யாரையும் முந்தவில்லை. நான்காவதாக வந்தவள் கிட்ட நெருங்கினாள், ஆனால் அன்புக்கரசி தாண்ட விடவில்லை. மூன்றாவதாக வாங்கியதை மூன்றாவதாகவே ஷாஹினாவிடம் கொடுத்தாள். ஷாஹினா கடைசி நேர்ப்பாதையில் ஒருத்தியை முந்தினாள். பெர்லினில் நடந்ததுபோல இங்கே முன்னால் போனவர்கள் பேட்டனைத் தவறவிடவில்லை. அவர்கள் சுத்தமாக ஓடி முதலில் வந்தார்கள். அன்புக்கரசியின் அணிக்கு வெள்ளி.

இன்னாசியம்மாளுக்கு ஒரு குறை இருந்தது.

"உங்கையில குடுத்தத நீ ஏன்டி அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துட்ட? நீயே கொண்டுபோயிருந்தா நீதான ஜெயிச்சிருப்ப?"

"அம்மா, அப்படித்தாம்மா ஓடணும்."

"என்ன ஓட்டமோ!" என்றவர், ஷாஹினாவின் முகத்தையும் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

ஸ்டான்லி வேலியைச் சுற்றி மெதுவாக வந்தார். மகளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுப்பா."

அவர் முகம் மாறியது. "எங்க?"

"ரெண்டு காலும், ஒண்ணுபோல."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு அது பிடிபட்டது. சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்று மாலை அப்பா, அம்மா, மகள் மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் ஷாஹினா வீட்டுக் கடைக்குப் போய்ச் சாப்பிட்டார்கள்.

அன்புக்கரசி இப்போதும் ஆலையில்தான் வேலை பார்க்கிறாள். போலீஸ் வேலைக்கு உடல் தகுதித் தேர்வில் தேற முடியாது என்று தெரிந்துவிட்டதால் அந்த ஆசையை விட்டுவிட்டாள். போன ஆண்டு மாநிலப் போட்டியில் அவர்கள் அணி முதல் சுற்றோடு வெளியேறியது. பேட்டனைத் தவறவிட்டது அன்புக்கரசிதான். ஷாஹினா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வருகிறாய் என்று செய்தி அனுப்பினாள். இந்த ஆண்டு சுகன்யாவுக்குப் பதிலாகப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். அவளுடைய வேகம் இன்னும் பிடிபடவில்லை. அதற்காக அன்புக்கரசி ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே மைதானத்துக்குப் போகிறாள்.