இரண்டு மீட்டரும் சொன்ன பொய்

காப்பீட்டு நிறுவனம் கொடுத்த அடையாள அட்டையின் பின்புறம் அந்த அம்மாவின் பணியை இப்படி விளக்குகிறது: "வாகனச் சேத மதிப்பீட்டாளர். சேதமுற்ற வாகனத்தைத் தொடாமல், கழற்றாமல், இயக்காமல், பார்வையால் மட்டும் ஆய்ந்து, விருப்பு வெறுப்பின்றி அறிக்கை அளிப்பவர்."

இதில் வாகனம் என்ற சொல்லை மட்டும் நம்பலாம். பார்வை என்று எடுத்துக்கொண்டால், கிட்டத்துக்கு ஒரு கண்ணாடி, தூரத்துக்கு ஒரு கண்ணாடி, எப்போதும் தவறானதைத்தான் மாட்டியிருப்பார். விருப்பும் வெறுப்பும் அவரிடம் தாராளமாக உண்டு. தொடாமல் இருப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவருடைய கைப்பையில் சீப்பு இருக்காது. இரண்டு ஸ்பேனரும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட் லாம்ப்பும் இருக்கும்.

மின்பொறியியல் படித்தவர். கை அழுக்காகாத உத்தியோகம் என்று மாமியார் சந்தோஷப்பட்டு அனுப்பிவைத்த வேலை இது. வீட்டில் மிக்ஸி கொஞ்சம் முனகினாலும் கணவர் அதை எடுத்துப் பீரோவில் ஒளித்துவிடுவார். மனைவி கண்ணில் பட்டால் அது சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கிடக்கும், அன்றைக்குச் சாப்பாடு தரையில். இத்தனைக்கும் அவருக்குச் சொந்தமாக வண்டி இல்லை, ஓட்டவும் தெரியாது. பேருந்தில்தான் வேலைக்குப் போவார். போகிற வழியெல்லாம் கிளட்சைப் பற்றி ஓட்டுநரிடம் குறை சொல்வார்.

ஒரு நாள் காலை அவரை ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். தகரக் கூரையின் கீழே கரும்பச்சை நிறத்தில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். தாழ்வாக, நீளமாக, செருப்புப் போல இருந்தது. சொந்தக்காரர் ஒரு முடிதிருத்துபவர். துருப்பிடித்த கூடாக வாங்கி, கடை மூடியிருக்கும் நாட்களில் எல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, தேய்த்து, பெயிண்ட் அடித்து மாட்டியவர். மாட்டி முடித்ததிலிருந்து வண்டிக்கு உடம்பு சரியில்லை. ஹெட்லைட் போட்டால் இன்ஜின் இருமும். சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறும். போன வாரம் ஸ்டார்ட் செய்யும்போது டேஷ்போர்டுக்கு அடியில் புகை வந்து நான்கைந்து ஒயர்கள் கருகின. கருகிய ஒயருக்கு ஏதாவது கிடைக்குமா என்றுதான் மனிதர் மனு போட்டார். அவருக்குத் தெரியாத விதி ஒன்று இருந்தது: சரிசெய்ய முடியாது என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால், நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப்போய் உடைத்துவிடும்.

"எழுதிடுங்க மேடம்," என்றார் பட்டறைக்காரர். வயிற்றுக்கு மேல் கை கட்டியிருந்தார். "இன்ஜின் மூடிக்கு அடியில இருக்கற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. அதான் சூடு. ஒயரிங் தனியா எரிஞ்சிருக்கு. ரெண்டு வியாதி. இந்த இன்ஜினுக்கு ஸ்பேர் தேடினா எனக்கே பல் விழுந்துடும்."

"அக்கா, எனக்குப் பணம் வேணாம்," என்றார் முடிதிருத்துபவர். "தெரியாம மனு போட்டுட்டேன். வண்டியை எடுத்துட்டுப் போயிடாதீங்க."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இந்த வீட்டுக்கு மூத்தவ அதுதான் மேடம். நான் பின்னாடி வந்தவ."

"அப்போ போனா உனக்கு நிம்மதிதானேம்மா?" என்றார் பட்டறைக்காரர்.

"நிம்மதியா? அது போனா இவரு லீவு நாளெல்லாம் வீட்டுலயே இருப்பாரு. சமையலுக்கு யோசனை சொல்வாரு. எப்படியாவது பொழைக்க வைங்க மேடம், புண்ணியமா போகும்."

மதிப்பீட்டாளர் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். சட்டம் கண்ணில் படாமல் இருந்தால் மீறுவது சுலபம்.

இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட் போடச் சொன்னார். வெளிச்சம் அழுமூஞ்சியாக வந்தது, இன்ஜின் இருமியது, முள் விறுவிறுவென்று ஏறியது. குனிந்து ரேடியேட்டரில் கை வைத்தார். வெதுவெதுப்பு மட்டும்.

"தண்ணி இவ்வளவு வேகமா சூடாகாது," என்றார். "மீட்டர் பொய் சொல்லுது. கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு."

சொன்ன தோரணை நீதிபதியுடையது. பட்டறைக்காரர் உள்ளே போய் அதே மாதிரி வேறொரு மீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். விளக்கைப் போட்டதும் அதுவும் சிவப்புக்கு ஏறி நின்றது.

"ரெண்டு மீட்டரும் கூட்டு சேர்ந்து பொய் சொல்லுதா மேடம்?"

முடிதிருத்துபவரின் முகம் தொங்கிப்போனது. மதிப்பீட்டாளருக்குக் காது சிவந்தது. தோற்ற இடத்தில் பேச்சை வளர்ப்பது அவருடைய வழக்கம். அன்று அதிசயமாக வாயை மூடிக்கொண்டு, இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஸ்டார்ட்டர் முக்கி முனகிச் சுற்றியது. புகை வந்த இடத்தைப் பார்ப்பதற்காகக் கையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டவர், "ஐயோ" என்று உதறிக்கொண்டு வெளியே எடுத்தார். விரல் நுனி சிவந்திருந்தது.

"ஷாக்கா அக்கா?"

"சூடு. சோக் கேபிள் சுடுது." விரலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். "சோக் கேபிளுக்கும் கரண்ட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? அது வெறும் இழுக்குற கம்பி."

பேட்டரியிலிருந்து கிளம்பிய மின்சாரம் வேலையை முடித்துவிட்டு, இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் தடித்த எர்த் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வாசல் அடைபட்டால், கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் நுழையும். இங்கே அது இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே ஓடும் சோக் கேபிளில் நுழைந்திருந்தது. கேபிள் காய்ந்து பக்கத்து ஒயர்களைக் கருக்கிவிட்டது. சூடு பார்க்கும் சென்சாருக்கும் இன்ஜின்தான் எர்த். அது கெட்டால் எந்த மீட்டரை மாட்டினாலும் கணக்குத் தப்பும். மதிப்பீட்டாளர் இதை அவர்களுக்குச் சொல்லி முடித்தார்.

"எர்த்தா?" பட்டறைக்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். "எர்த் பட்டை புதுசா, டைட்டா இருக்கே. நானே ஆட்டிப் பார்த்தேன்."

"டைட்டாத்தான் இருக்கு. எது மேல?" மதிப்பீட்டாளர் திரும்பினார். "தம்பி, பட்டை உட்காருற இடத்துலயும் பெயிண்ட் அடிச்சீங்களா?"

முடிதிருத்துபவரின் முகத்தில் பெருமை திரும்பி வந்தது. "மூணு கோட் அக்கா. வெளிய தெரியாத இடம்தான், ஆனா விட்டா மனசு கேக்கல. இன்ஜின்லயும் அப்படித்தான்."

"பெயிண்ட் வழியா கரண்ட் போகாது தம்பி," என்றார் மதிப்பீட்டாளர். முதலில் சிரித்தது மனைவி. "மேக்கப் போட்டே அதோட மூச்சை அடைச்சிருக்கீங்க."

மதிப்பீட்டாளர் ஸ்பேனரால் போல்ட்டுகளைக் கழற்றினார். பட்டைக்கு அடியில் கரும்பச்சை கண்ணாடி போல மின்னியது. பட்டறைக்காரர் உப்புத்தாள் தேடக் கிளம்பினார்.

"எதுக்குத் தேடறீங்க? தொழில்காரர் இங்கேயே நிக்கிறாரே. தம்பி, அந்த இடத்தைச் சவரம் பண்ணி விடுங்க."

மனிதர் தன் தொழில் பெட்டியிலிருந்து பழைய சவரக் கத்தி ஒன்றை எடுத்துவந்தார். தான் அடித்த பெயிண்டைத் தானே சுரண்டுவது லேசான காரியம் அல்ல. ஒவ்வொரு இழுப்புக்கும் பல்லைக் கடித்தார். இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் பட்டறைக்காரர் தாமாகவே முன்வந்து இன்ஜின் பக்கத்தைச் சுரண்டினார். "கேஸ்கெட்டைப் பிரிச்சிருந்தா என் பேரு நாறியிருக்கும்," என்று முணுமுணுத்தார், யாருக்கும் கேட்காது என்று நினைத்து.

கருகிய ஒயர்களை மாற்றினார்கள். ஹெட்லைட் போட்டார்கள். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. இன்ஜின் இருமவில்லை. இருந்தாலும் மதிப்பீட்டாளர் நம்பவில்லை; பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, மேட்டுத் தெருவில் விளக்கு எரிந்தபடியே இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னார். முடிதிருத்துபவர் முள்ளைப் பார்த்தபடியே ஓட்டியதால் இரண்டு முறை திட்டும் வாங்கினார்.

மாலையில் நிறுவனத்துக்கு அறிக்கை போனது: வண்டி சரிசெய்யத்தக்கது, உடைக்க வேண்டியதில்லை. எப்படித் தெரிந்தது என்று மேலதிகாரி கேட்டார். பார்த்தேன் என்றார் மதிப்பீட்டாளர்.

அவர் செய்தது இவ்வளவுதான்: எர்த் பட்டையைக் கழற்றி, அடியிலிருந்த பெயிண்டைச் சுரண்ட வைத்து, திரும்ப இறுக்கினார்.